'நிலையாமை' என்னும் சொல்

(மொழிப்பாட ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். 'நிலையாமை' என்பது அந்தச் சொல். திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர். நாலடியாரில் மூன்று அதிகாரங்களின் பெயரில் இருப்பது. நாம் ஆண்டுதோறும் 'எதுவும் நிரந்தரமில்லை' என்று ஒரு வரியில் பொருள் சொல்லிக் கடந்து போகும் சொல். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்து போனேன். ஒரு மாணவன் கேட்ட கேள்விதான் என்னை நிறுத்தியது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இங்குள்ள யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. ஆறும் குளங்களும் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தன. 2024 சனவரியில் பள்ளி திறந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகளில் பலரிடம் புத்தகம் இல்லை. சிலரிடம் பையே இல்லை. அன்று நிலையாமை பற்றிப் பேச நேர்ந்தது. நம் மண்ணின் புலவர் என்ற பெருமையோடு, திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரரையும் சேர்த்துக்கொண்டேன். அவருடைய நீதிநெறி விளக்கத்தின் முதற்பாட்டு இளமையை நீர்க்குமிழி என்கிறது. செல்வத்தை நீரில் சுருண்டு எழும் அலை என்கிறது. உடம்பை நீர்மேல் எழுதிய எழுத்து என்கிறது. மூன்று உவமையும் தண்ணீர். நான் விளக்கி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், எங்க வீட்டுல எல்லாம் போயிட்டு. புஸ்தகமும் போயிட்டு. எதுவுமே நிலைக்காதுன்னா, பொறவு என்னத்துக்கு சார் படிக்கணும்?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. "அப்படியில்லப்பா, உக்காரு" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. வெள்ளம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு, 'வெள்ளம் வரும், எல்லாம் போகும்' என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அவன் கேட்டதில் தவறே இல்லை. பாடத்தில்தான் ஏதோ குறைந்திருக்கிறது என்று தோன்றியது. என்ன குறைந்தது என்று தேடியதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'நில்' என்ற வினையடியிலிருந்து வந்தது 'நிலை'. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இந்தச் சொற்குடும்பத்தைப் பிள்ளைகளிடமிருந்தே திரட்டிவிடலாம். கதவைத் தாங்கி நிற்கும் சட்டம் 'நிலை'. வீடு கட்டும்போது நல்ல நாள் பார்த்து நிலை வைக்கிறோம். ஆளுயரக் கண்ணாடி 'நிலைக்கண்ணாடி'. ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ரத வீதி சுற்றி வந்து நின்றால், "தேர் நிலைக்கு வந்துட்டு" என்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றில் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் சொல் ஒன்று உண்டு. "அங்க போகாதல, நிலைக்காது" என்போம். கால் தரையில் ஊன்றாது என்பது பொருள். தாமிரபரணிக் கரைப் பிள்ளைக்கு 'நிலையாமை' என்ற சொல்லை அகராதியைக் கொண்டு விளக்க வேண்டியதில்லை. கால் ஊன்ற முடியாத ஆழம் என்றால் என்னவென்று அவன் உடம்புக்கே தெரியும்.

உயர்நிலை வகுப்பில் இலக்கணத்துக்கு வரலாம். நிலை என்பது பகுதி, ய் உடம்படுமெய், ஆ எதிர்மறை இடைநிலை, மை தொழிற்பெயர் விகுதி. ஆக, நிலையாமை என்பது எதிர்மறைத் தொழிற்பெயர். 'நிலையின்மை' என்பது வேறு. அது நிலை, இன்மை என்ற இரண்டு பெயர்கள் சேர்ந்தது. நிலை என்ற ஒன்று இல்லாதிருப்பதை அது சொல்லும். நிலையாமையோ ஒரு வினையைச் சொல்லுகிறது: நின்றுவிடாமல் போய்க்கொண்டிருத்தல். ஆறு இல்லாமற் போகவில்லை, நில்லாமல் போகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

திருக்குறளில் அதிகார வரிசையைக் கவனியுங்கள். 31 வெகுளாமை, 32 இன்னா செய்யாமை, 33 கொல்லாமை, 34 நிலையாமை. நான்கும் ஒரே வாய்பாட்டுச் சொற்கள். ஆனால் முதல் மூன்றும் மனிதன் செய்யாமல் விட வேண்டியவை. நான்காவது மனிதன் செய்வதன்று. உலகப் பொருள்களின் இயல்பு. 'வெகுளாமை யாருடைய செயல்? நிலையாமை யாருடைய செயல்?' என்று மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். இலக்கணத்தில் எழுவாய் தேடும் பயிற்சி அப்படியே இலக்கியப் பயிற்சியாக மாறிவிடும்.

இங்கே நம் வகுப்பறைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படிப்பில் கவனம் சிதறும் பிள்ளையைப் பற்றி, 'நிலையில்லாத மனம்', 'சபல புத்தி', 'சலனம் அதிகம்' என்றெல்லாம் எழுதுகிறோம், பேசுகிறோம். சபலமும் சலனமும் சஞ்சலமும் வடமொழி வழி வந்து தமிழாகவே பழகிவிட்ட சொற்கள். மன அசைவைக் குறிப்பவை. வள்ளுவர் 34ஆம் அதிகாரத்தில் நிலையாமையைச் செல்வத்துக்கும் வாழ்நாளுக்கும் உடம்புக்கும் சொல்கிறார். மனிதரின் குணத்தைச் சொல்ல வரும்போது வேறு முறையில் சொல்கிறார். அடக்கமுடைமையில், தன் நிலையில் திரியாமல் அடங்கியவனின் தோற்றம் மலையைவிடப் பெரியது என்கிறார். மானம் என்ற அதிகாரத்தில், தம் நிலையிலிருந்து தாழ்ந்தவர் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்கு ஒப்பு என்கிறார். மனிதருக்கு ஒரு நிலை உண்டு; அதில் நிற்பதும் திரிவதும் அவர் கையில் இருக்கிறது. பொருளுக்கு அது இல்லை. ஆகவே 'நிலையில்லாதவன்' என்ற முத்திரையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் மேல் குத்திவிட்டால், மாற முடிகிற ஒன்றை மாற முடியாத இயல்பு என்று எழுதிவைக்கிறோம். வீட்டில் தூங்க இடமில்லாத பிள்ளையின் கவனம் சிதறினால் அதற்குப் பெயர் சபலமன்று.

குறுக்குத்துறை முருகன் கோயிலை நெல்லைக்காரர் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரையும் பொருள்களையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் கோயிலை மூடும், வடியும். பிறகு சேற்றைக் கழுவிவிட்டு வழிபாடு தொடங்கும். நிலையாத ஆற்றில் நிலையில் திரியாமல் நிற்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைப் பிள்ளைகளுக்கு நான் எங்கே தேடுவேன்? எதைத் தூக்கிக்கொண்டு மேடேற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்திருப்பதும் அதற்குள் அடங்கும்.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். தொல்காப்பியம் புறத்திணையியலில் காஞ்சி என்ற திணை நில்லாத உலகின் இயல்பைப் பேசுவதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறது. பத்துப்பாட்டில் மிக நீண்ட பாட்டு மதுரைக்காஞ்சி; 782 அடிகள். மாங்குடி மருதனார், தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்தப் பாடியது. வெற்றியின் உச்சியில் இருக்கும் அரசனுக்கு அதைச் சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் இழந்து நிற்பவனிடம் போய்ச் சொல்லவில்லை. நான் தவறிய இடம் அதுதான். ஒரே பாடம், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து மருந்தாகவும் ஆகும், காயமாகவும் ஆகும்.

அந்த மதுரைக்காஞ்சி, நெடுஞ்செழியனைக் கொற்கையோடு சேர்த்தும் போற்றுகிறது. கொற்கை நம் ஆற்றின் கழிமுகத்தில் இருந்த துறைமுகம். முத்துக்குப் பெயர் பெற்றது. இன்று போய்ப் பாருங்கள். வயல்களுக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு சிற்றூர். கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பொதிகையிலிருந்து ஆறு கொண்டுவந்த வண்டல்தான் கழிமுகத்தைத் தூர்த்தது. கொற்கைக்குப் பின் காயல் துறைமுகமானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிறகு அதுவும் தூர்ந்து, இன்று பழையகாயல் என்ற பெயரோடு உள்நாட்டில் இருக்கிறது. ஆறு இப்போது புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் கால்டுவெல் இந்த இடமாற்றத்தை எழுதிவைத்தார்.

நிலையாமைக்குக் கண்ணெதிரே ஒரு சான்று. ஆனால் அதே வண்டல்தானே வயலானது? துறைமுகத்தை மூடிய மண்ணில்தான் இன்று நெல்லும் வாழையும் விளைகின்றன. நில்லாமல் போனது வேறோரிடத்தில் வேறொன்றாக வந்து சேர்ந்திருக்கிறது. நிலையாமை வேறு, நிலையின்மை வேறு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான்.

அடுத்து, நிலையாமை பேசும் பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தேன். நாம் பெரும்பாலும் உவமையோடு நின்றுவிடுகிறோம். பாடல் அங்கே நிற்பதில்லை.

புறநானூறு 192ஆம் பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடியது. முதலடி உலகம் முழுக்கத் தெரியும். நடுவில், மலையிலிருந்து பாறைகளில் மோதி இறங்கும் ஆற்றின் வழியே போகும் மிதவையைப் போல உயிர் முறைப்படி போகும் என்கிறார். அதோடு விடவில்லை. ஆகையால் பெரியோரைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழவே மாட்டோம் என்று முடிக்கிறார். நிலையாமையிலிருந்து அவர் எடுத்த முடிவு மனித சமத்துவம்.

நாலடியாரில் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று மூன்று அதிகாரங்கள். நான்காவது அதிகாரம் என்ன? அறன் வலியுறுத்தல். மூன்று அதிகாரங்கள் சொன்னதற்கு அடுத்த படி அதுதான். செல்வம் நிலையாமையிலேயே, பொருள் வண்டிச் சக்கரம் போல உருண்டு வரும், ஆகையால் கிடைத்த சோற்றைப் பலரோடு சேர்ந்து உண் என்று ஒரு பாட்டு இருக்கிறது.

வள்ளுவர், செல்வம் வருவது கூத்துப் பார்க்கக் கூட்டம் சேர்வது போல, போவது அந்தக் கூட்டம் கலைவது போல என்கிறார். அடுத்த குறளிலேயே, நிலையாத இயல்புடைய அது கிடைத்தால் நிலைக்கும் செயல்களை உடனே செய் என்கிறார். அதற்கு இரண்டு குறள் தள்ளி, நா அடங்கி விக்கல் வருவதற்கு முன் நல்வினையை விரைந்து செய்ய வேண்டும் என்கிறார். வருத்தப்படு என்று எங்கும் சொல்லவில்லை. விரைந்து செய் என்றுதான் சொல்கிறார்.

நம் ஆழ்வார்திருநகரியில் பிறந்த நம்மாழ்வாரும் திருவாய்மொழியின் இரண்டாம் பதிகத்தில், உயிர்களின் உடல்கள் மின்னலைப் போல நிலையில்லாதவை என்கிறார். சொன்ன கையோடு, இறைவனை எண்ணுங்கள் என்று வழியும் காட்டுகிறார். ஒவ்வொருவரும் காட்டும் வழி வேறு. சமணரும் சைவரும் வைணவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆனால் 'ஆகையால்' என்ற படி எல்லாரிடமும் இருக்கிறது. நிலையாமை அவர்களுக்குத் தொடக்க வாக்கியம். நாம் அதை முடிவு வாக்கியமாக நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இப்போது குமரகுருபரருக்குத் திரும்புகிறேன். 17ஆம் நூற்றாண்டுப் புலவர். ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூரில் பேச்சு வரப்பெற்றார் என்பது வழிவழி வந்த வரலாறு. ஆற்றங்கரையில் வளர்ந்தவர் குமிழியையும் அலையையும் உவமையாக்கியதில் வியப்பில்லை. முதற்பாட்டு, எல்லாம் நீர்மேல் எழுத்து என்று சொல்லி இறைவனை வாழ்த்தச் சொல்கிறது. அன்று நான் வகுப்பில் அதோடு நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்து அடுத்த பாட்டைப் படித்தேன். முன்பே படித்ததுதான், ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்ததில்லை.

நூல் தொடங்கும் அந்த அடுத்த பாட்டு கல்வியைப் பற்றியது. அறமும் பொருளும் இன்பமும் வீடும் தருவது கல்வி; உலகில் நல்ல புகழை நிறுத்துவதும் அதுவே; தாங்க முடியாத கவலை ஒன்று வந்துற்றபோதும் கைகொடுப்பது அது; சிற்றுயிராகிய மனிதனுக்கு அதைவிடச் சிறந்த துணை இல்லை என்கிறார். 'என்னத்துக்கு சார் படிக்கணும்?' என்ற கேள்விக்கான விடை, நான் நடத்திய பாட்டுக்கு அடுத்த பாட்டிலேயே இருந்திருக்கிறது. அதுவும் திருவைகுண்டத்துக்காரர் எழுதியது.

மறுநாள் அந்தப் பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன். பையனிடம் தனியாக, "நேத்து நீ கேட்டதுக்கு இவரு பதில் சொல்லியிருக்காரு, வாசிச்சுப் பாரு" என்றேன். வாசித்தான். சிறிது நேரம் கழித்து, "புஸ்தகம் போனாலும் படிச்சது போகாதுங்காரா சார்?" என்றான். ஆமாம் என்றேன். அவன் துயரம் அதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீட்டுச் சுவரில் சேற்றுக் கறை அப்படியேதான் இருந்தது. ஆனால் கேள்வி கேட்டவனுக்கு உரிய பதில் கிடைத்தது.

அதே வகுப்பில் இன்னொன்றையும் பேசினோம். அந்த வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் திருவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது. நூற்றுக்கணக்கான பயணிகள். சுற்றிலும் தண்ணீர். அருகிலிருந்த ஊர் மக்கள், தாங்களும் வெள்ளத்தில் மாட்டியிருந்த நிலையில், சமைத்துக் கொண்டுபோய் அவர்களுக்குச் சோறு போட்டார்கள். நாலடியார் சொன்ன 'பலரோடு சேர்ந்து உண்' என்பதைப் பாடநூல் பார்த்து அவர்கள் செய்யவில்லை. அதை அந்தப் பாட்டுக்கு விளக்கமாகச் சொன்னபோது வகுப்பில் நான்கைந்து கைகள் உயர்ந்தன. ஒவ்வொரு பிள்ளையிடமும் அப்படி ஒரு கதை இருந்தது: படகில் வந்தவர், மாடியைத் திறந்துவிட்டவர், அடுத்த வீட்டுப் பாட்டியைத் தூக்கி வந்தவர். அந்த வாரம் கட்டுரைப் பயிற்சிக்கு நான் தலைப்புத் தேட வேண்டியிருக்கவில்லை.

நிறைவாக, வகுப்பறைக்கு நான்கு சிறு செய்திகள்.

தொடக்க வகுப்புகளில் 'நில்' என்ற சொல்லிலிருந்து எத்தனை சொல் பிறக்கும் என்று பிள்ளைகளைத் தேடச் செய்யுங்கள். வீட்டு நிலை, தேர்நிலை, நிலைக்கண்ணாடி, பேருந்து நிலையம் என்று அவர்களே கொண்டுவருவார்கள். ஆற்றில் 'நிலைக்கும் இடம்', 'நிலைக்காத இடம்' என்று பேசும்போது பாதுகாப்புப் பாடமும் நடந்துவிடும்.

உயர்நிலை வகுப்புகளில் நிலையாமை பற்றிய செய்யுள் எதை நடத்தினாலும், உவமையை விளக்கியபின், 'ஆகையால் புலவர் என்ன செய்யச் சொல்கிறார்?' என்ற வினாவைக் கட்டாயம் கேளுங்கள். விடை அந்தப் பாட்டில் இல்லாவிட்டால் அடுத்த பாட்டில் இருக்கும். இல்லையேல் அடுத்த அதிகாரத்தில் இருக்கும்.

கொற்கைக்கோ பழையகாயலுக்கோ ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து போகலாம். முடிந்தால் சிவகளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல், ஆய்வகச் சோதனையில் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. இறந்தவரைப் புதைக்கும் தாழிக்குள்ளும் நம் முன்னோர் நெல்லை வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, மாணவரைப் பற்றி எழுதும்போது 'நிலையற்ற மனம்' என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். அந்தப் பிள்ளையின் கால் எந்த இடத்தில் நிலைக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். நாம் நிற்கும் இடத்திலிருந்து ஒரு கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் பெரும்பாலும் இருப்பான்.